உயிரோடு வந்த என்சைம்

கம்ப்யூட்டர் திரையில், என்சைம் வேலை செய்வதைக் காட்டும் கோடு ஏறத் தொடங்கியபோது ஜீவிதா அதை நம்பவில்லை. மிஷினில்தான் ஏதோ கோளாறு என்று அணைத்துப் போட்டாள். திரும்பவும் ஏறியது.

மைசூர் அக்ரஹாரத்துப் பேக்கரிக்காரர் காலையில் ஈஸ்ட் போட்டுப் பிசைந்த மாவை மத்தியானத்துக்குள் பன்னாக விற்றுவிடுகிறார். அதே ஈஸ்ட்டிலிருந்து, அமினோ அமிலம் தயாரிக்கும் ஒரே ஒரு என்சைமைப் பிரித்தெடுக்க வந்தவளுக்கு ஆறு வருஷம் ஓடிவிட்டது. அதற்கு அப்படியொரு பிடிவாதம். செல்லை உடைத்த சாற்றில், கண்ட புரதங்களின் கூட்டத்தில், ஜோராக வேலை செய்யும். மற்றவற்றை விலக்கிச் சுத்தமாக்கச் சுத்தமாக்க சோர்ந்துபோகும். தனியாக நிற்கும்போது வெறும் பிணம். போன வாரம் வழிகாட்டி அன்னபூர்ணி மேடமே இறங்கி வந்திருந்தார். "இந்தத் தடவையும் வரலேன்னா விட்டுடும்மா. இருக்கறத வெச்சு தீசிஸ் எழுது, நான் சைன் பண்றேன்."

நஞ்சன்கூடு மருந்துக் கம்பெனியில் ஜீவிதாவுக்கு வேலை தயாராக இருந்தது. தீசிஸ் முடிந்தால் போதும். ஆனால் என்சைம் வந்துவிட்டால்? எந்தச் சூட்டில் வேலை செய்கிறது, எந்தப் புளிப்பில், எவ்வளவு வேகத்தில் என்று அதன் குணங்களை அளக்க இன்னொரு வருஷம். அதையும் மேடம் சொல்லியிருந்தார். கம்பெனி அதுவரை காத்திருக்காது.

கடைசி முயற்சிதானே என்று எல்லாக் கரைசலிலும் கொஞ்சம் பி6 விட்டமின் கலந்திருந்தாள். ஐஸ் பெட்டியில் இருந்த குழாயில் இப்போது வழக்கமான தண்ணீர் நிறம் இல்லை, இளமஞ்சள். விட்டமினைப் பிடித்துக்கொண்டு என்சைம் பிழைத்திருந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த மஞ்சளைப் பார்த்துத் தன்னைப்போலவே துள்ளிக் குதிக்க மைசூரில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அந்த ஆளிடம்தான் சொல்லக் கூடாது.

கதவு திறந்தது. ஜீவிதா திரையை அணைத்தாள்.

"ஏனாய்த்தும்மா, என்னாச்சு? வந்துதா?" என்றார் மேடம்.

"இல்ல மேடம். இந்த வாட்டியும் டெட்."

மேடத்தின் முகம் வாடிவிட்டது. திட்டியிருந்தால் தேவலை. "ஹோகலி பிடு, போனாப் போறது. நீ என்ன பண்ணாம விட்டே? நாளைக்கே எழுத ஆரம்பி, நான் சைன் பண்றேன்" என்று அவள் தலையைத் தடவினார். அதோடு போய்விடுவார் என்று ஜீவிதா நினைத்தாள். மேடம் ஸ்டூலை இழுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நானும் ரொம்ப ஆசப்பட்டுட்டேன் ஜீவிதா."

ஜீவிதா தலையை ஆட்டினாள். அவள் விரல்கள் குழாயை ஐஸுக்குள் ஆழமாக அழுத்திப் பிடித்திருந்தன. மரத்துப்போகத் தொடங்கியிருந்தன. மேடம் எழுந்திருப்பதாகத் தெரியவில்லை.