ஆல்பத்தில் சேராத பாட்டு

மகள் கயல் ஸ்டுடியோவுக்குப் போன மறுவாரம்தான் டாக்டர், சாந்திக்கு இனிமேல் மருந்தால் ஆகப்போவது ஒன்றும் இல்லை என்று சொன்னார். வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், வீட்டிலேயே இருக்கட்டும், தினம் ஒரு நர்ஸ் வந்து பார்ப்பாள் என்றார். சாந்தி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். காரில் வந்து உட்கார்ந்ததும் பெல்ட்டைக்கூடப் போடாமல் புருசன் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, கயலுக்கு இப்பச் சொல்லிப்போடாதீங்க. புள்ள பாடி முடிக்கட்டும்."

"எப்படிச் சொல்லாம இருக்கறது?" என்றார் நஞ்சுண்டன். "நாளைக்குக் கேக்கமாட்டாளா?"

"வாய மூடிட்டு இருந்தாச் சொல்லாம இருக்கலாம். பூண்டு உரிக்கற மாதிரி எல்லாத்தையும் உரிச்சு வெச்சாத்தான் உங்களுக்கு நிம்மதி."

நஞ்சுண்டன் டெக்சாஸில், இர்விங் என்கிற ஊரில் ஒரு தோசைக் கடையில் சமையல் வேலை செய்கிறவர். கடை முதலாளியோடு சங்ககிரியிலிருந்து வந்து இருபது வருசத்துக்கு மேல் ஆகிறது. சாந்தி ஒரு மோட்டலில் துணி வெளுக்கிற வேலை பார்த்தாள். கயல் நாலு வயதில் டெக்சாஸ் வந்தவள். இந்த ஊர்ப் பிள்ளையாகவே வளர்ந்து, கிட்டார் தூக்கிக்கொண்டு பார்களில் கன்ட்ரி பாட்டுப் பாடப் போனாள். மற்ற வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் கம்ப்யூட்டர் படிக்கும்போது இது என்ன கூத்து என்று நஞ்சுண்டனுக்கு இருந்தது. சாந்திக்கு அப்படி இல்லை. அந்தப் பாட்டுகளில் என்ன வருகிறது என்று ஒருநாள் மகளிடம் கேட்டாள். ஒருத்தன் ட்ரக் ஓட்டுவான், பெண்டாட்டி விட்டுவிட்டுப் போயிருப்பாள், குடிப்பான், அம்மாவை நினைத்து அழுவான் என்றாள் கயல். சாந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுடைய அப்பா லாரி டிரைவர்.

"இது எங்க சங்ககிரி லாரிப்பேட்டைக் கதையாச்சே கண்ணு. நீ பாடு. எவன் என்ன சொன்னாலும் பாடு."

அன்றிலிருந்து அம்மாவும் மகளும் ஒரு கட்சி.

இப்போது ஒரு சின்னக் கம்பெனி கயலுக்கு முதல் ஆல்பம் போட முன்வந்திருந்தது. காரில் மூணு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும், ஆஸ்டினுக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ. அங்கேயே தங்கி எல்லாப் பாட்டையும் பாடி முடிக்க வேண்டும். நடுவில் விட்டுவிட்டு வந்தால் வாசிக்கிறவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள், மறுபடி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று கயல் சொல்லியிருந்தாள். சாந்தி அதைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"எப்படியும் அழுது பாடற பாட்டுத்தானே அதெல்லாம்" என்றார் நஞ்சுண்டன். "தெரிஞ்சா இன்னும் நல்லாத்தான் பாடுவா."

"அழுதுட்டே பாட முடியாதுங்க. அழற மாதிரிப் பாடறதுக்குத்தான் தெம்பு வேணும்."



கயலுக்குத் தெரிந்ததெல்லாம் போன வருசத்து ஆபரேஷன்தான். எல்லாம் சுத்தமாக எடுத்தாகிவிட்டது, இப்போது இருப்பது வெறும் அசதி என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். சாயங்காலம் அவள் கூப்பிடுகிற நேரத்துக்கு முன்னால் சாந்தி முதுகுக்குத் தலையணை வைக்கச் சொல்லி எழுந்து உட்காருவாள். ஒரு டம்ளர் வெந்நீர் குடித்துத் தொண்டையைச் செருமிக்கொள்வாள். முகம் தெரியக்கூடாது என்று போனில் கேமரா கெட்டுவிட்டதாகச் சொல்லியிருந்தாள். ஐந்து நிமிசம் சிரிக்கச் சிரிக்கப் பேசிவிட்டு, வைத்ததும் சரிந்துவிடுவாள்.

மாடி வீட்டு ருக்மிணி இதைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் பொறுக்காமல் கேட்டாள். அவள் மயிலாப்பூர்க்காரி. மகன் வேலைக்குப் போனதும் கீழே வந்து சாந்தியோடு இருப்பாள்.

"அண்ணா, இதெல்லாம் மறைக்கற விஷயமா? நாளைக்கு அந்தப் பொண்ணு உங்களைச் சும்மா விடுமா?"

"அவதானுங்க சொல்லக்கூடாதுங்கறா."

"அவ படுத்துண்டு சொல்றா. நீங்க நிக்கறேளே, நீங்கதானே யோசிக்கணும்."

நஞ்சுண்டன் யோசித்தார். யோசித்துக்கொண்டே கடைக்குப் போனார், வந்தார். அதற்குள் ஒருநாள் விடிகாலையில் சாந்திக்குப் பேச்சு நின்றுவிட்டது. அன்று காலை நர்ஸ் வந்து நாடி பார்த்துவிட்டு ஏதோ சொன்னாள். ருக்மிணி அதைத் தமிழில் சொன்னாள். ரெண்டு நாள் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். வர வேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள்.

நஞ்சுண்டன் சட்டையை மாற்றிக்கொண்டு கார்ச் சாவியை எடுத்தார்.

"போன்ல சொல்லிடுங்களேன், சீக்கிரம் வந்துடுவா" என்றாள் ருக்மிணி.

"போன்ல சொன்னா அழுதுட்டே அந்த ஃப்ரீவேல ஓட்டிட்டு வருவாளுங்க. நானே போய்க் கூட்டிட்டு வந்தர்றேன்."

ஊரில் இதைத்தான் எல்லோரும் செய்வார்கள். யாருக்கும் கெட்ட செய்தியைப் போனில் சொல்வதில்லை. ஆள் போய்த்தான் அழைத்து வருவார்கள்.

ஸ்டுடியோ என்றால் பெரிய கட்டடமாக இருக்கும் என்று நினைத்துப் போனார். சுண்ணாம்புக்கல் மேட்டில் தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகள் மேய்ந்தன. தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் கதவைத் திறந்தார். பெயர் க்ளே. அவர்தான் எல்லாப் பாட்டையும் பதிவு பண்ணுகிறவர். வாசலில் ஒரு கூடை இருந்தது. உள்ளே போகிறவர்கள் போனை அதில் போட்டுவிட்டுப் போக வேண்டும். அவர் கையைக் காட்டியதும் நஞ்சுண்டன் தன் போனை எடுத்து அதில் போட்டார். முப்பது வருசம் அடுப்படியில் நின்றவர். இங்கே வை, அங்கே நில் என்று சொன்னால் செய்கிற பழக்கம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த கயல் அவரைப் பார்த்துவிட்டாள். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அப்பா, நீங்களா? லீவ் போட்டீங்களா? எனக்காகவா?"

அவர் வாயைத் திறந்தார். அவள் அவரைக் கட்டிக்கொண்டு அங்கே இருந்தவர்களிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். கிட்டார் வாசிக்கிறவர்கள், டிரம்ஸ் வாசிக்கிறவர், எல்லோரும் எழுந்து வந்து கை கொடுத்தார்கள். இத்தனை வருசத்தில் அவள் பாடுகிற இடத்துக்கு அவர் ஒருநாளும் போனதில்லை. கடையில் விட மாட்டார்கள் என்று சொல்லிக்கொள்வார். இன்று வந்து நிற்கிறார். அவளுக்கு அதுதான் தெரிந்தது.

"அம்மா அனுப்பிச்சாங்களா?"

"ஆமா கண்ணு" என்றார். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

அப்படித்தான் வாயில் வந்தது.

"கரெக்ட் டைம். இதுதான் லாஸ்ட் ஸாங். அம்மாவோட ஸாங் அப்பா. அவங்களுக்கே தெரியாது, சர்ப்ரைஸ். கேட்டுட்டுப் போங்க, ப்ளீஸ்."

பாட்டு என்ன என்று அவளே சொன்னாள். சின்னதில் பள்ளிக்கூடம் விட்டு மோட்டலுக்கு வந்து அம்மாவோடு இருப்பாள். பெரிய படுக்கை விரிப்புகளை ஒருத்தரால் மடிக்க முடியாது. ஒரு முனையை அம்மா பிடிப்பாள், மறுமுனையை இவள் பிடிப்பாள். மடிக்க மடிக்க ரெண்டு பேரும் கிட்டக் கிட்ட வருவார்கள். கடைசி மடிப்பில் அம்மா இவள் மூக்கைப் பிடித்து ஆட்டிவிட்டு அடுத்த விரிப்பை எடுப்பாள். அவ்வளவுதான் பாட்டு.

நஞ்சுண்டன் க்ளே காட்டிய சோபாவில் உட்கார்ந்தார். ஒரு பாட்டுத்தானே, பாடிவிட்டு வரட்டும் என்று நினைத்தார். அதைத்தானே சாந்தியும் சொன்னாள்.

கதவை மூடினார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. கயல் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். வார்த்தைகள் அவருக்குப் பாதிதான் புரிந்தன. ஆனால் அந்தக் குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. அம்மாவைக் கேலி பண்ணுகிறபோது அவளுக்கு வருகிற சிரிப்பு. பின்னால் ஒருவர் மடியில் கிடத்தி வாசித்த கிட்டார் இழுத்து இழுத்து அழுதது. அதன் மேல் இவள் குரல் சிரித்துக்கொண்டு போயிற்று. நஞ்சுண்டன் தன் கையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். இப்படிப் பாடுவாளா இவள் என்று இருந்தது அவருக்கு. பாட்டு முடிந்தது. எழுந்தார்.

"ஒன் மோர்" என்றார் க்ளே.

அவர் உட்கார்ந்தார். மறுபடி பாடினாள். மறுபடியும் ஒன்று என்றார்கள். ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று, சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். கதவைத் தட்டியிருக்கலாம். கையைக் காட்டியிருக்கலாம். இத்தனை பேர் வேலை பார்க்கிறார்களே என்று இருந்துவிட்டார். கேட்கவும் ஆசையாகத்தான் இருந்தது.

எல்லோரும் கை தட்டிக்கொண்டு எழுந்தபோதுதான் வாசலுக்கு வந்து கூடையில் இருந்த போனை எடுத்தார். ருக்மிணி பலதடவை கூப்பிட்டிருந்தாள். வெளியே மரத்தடிக்குப் போய்ப் பேசினார்.

"அண்ணா" என்றாள் ருக்மிணி. அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை. அதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

கயல் தண்ணீர் பாட்டிலோடு வெளியே வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றாள்.

"என்ன அப்பா?"

"அம்மாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்குது கண்ணு. கிளம்பு, போலாம்."

இறந்தவர்களையும் சீரியஸ் என்றுதான் சொல்வார்கள். வீடு வந்து சேருகிற வரைக்கும் தெம்பு வேண்டும் என்று அப்படிச் சொல்வது. நஞ்சுண்டனுக்கு அவருடைய அய்யன் செத்தபோது அப்படித்தான் சொன்னார்கள். வேறு விதமாகச் சொல்ல அவருக்குத் தெரியாது.

காரில் அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். எப்போதிலிருந்து, என்ன சொன்னார்கள், ஏன் எனக்குச் சொல்லவில்லை. அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். நோய் திரும்பி வந்ததைச் சொன்னார். அம்மா சொல்ல வேண்டாம் என்றதைச் சொன்னார். அழுதாள், திட்டினாள், வேகமாக ஓட்டச் சொன்னாள். பாதி வழியில் வேக்கோ ஊரைத் தாண்டும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். க்ளே அந்தப் பாட்டை அவளுக்கு அனுப்பியிருந்தார். ஸ்பீக்கரில் போட்டு ருக்மிணியைக் கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, நான் ஒரு பாட்டு அனுப்பறேன். அம்மா காதுகிட்ட வெச்சு ப்ளே பண்ணுங்க. நான் வர லேட் ஆனாலும் அவங்க கேக்கணும்."

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. நஞ்சுண்டன் ரோட்டையே பார்த்தார். ஒரு பெரிய ட்ரக் பக்கத்தில் உறுமிக்கொண்டு வந்து தாண்டிப் போயிற்று.

"ஆன்ட்டி?"

"அனுப்பு கண்ணா" என்றாள் ருக்மிணி. "வெக்கறேன்."

போனில் அந்த வீட்டுக்குள்ளிருந்து பாட்டுக் கேட்டது. முழுப் பாட்டும் ஓடியது. கயல் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கேட்டாங்களா ஆன்ட்டி?"

"கேட்டா கண்ணா. விரல் அசைஞ்சுது."

கயல் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில் சிரித்தாள். "கேட்டுட்டாங்க அப்பா. அம்மா கேட்டுட்டாங்க." அந்த ஒரு நிமிசம் நஞ்சுண்டனும் அதை நம்பினார். விரல் அசைந்திருக்கும், ருக்மிணி சொல்லவந்ததைத் தான்தான் அவசரப்பட்டுத் தப்பாக எடுத்துக்கொண்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு வண்டியை ஓட்டினார்.

அபார்ட்மெண்ட் கதவுக்கு வெளியே செருப்புகளும் ஷூக்களும் குவிந்து கிடந்தன. தெரிந்த குடும்பங்கள் எல்லாம் வந்துவிட்டிருந்தன. கயல் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே போகவில்லை. பிறகு போனாள். சாந்தியின் தாடையைத் துணியால் கட்டி, நெற்றியில் காசு வைத்து, தலைமாட்டில் விளக்கேற்றியிருந்தார்கள். கயல் அம்மாவின் கையைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. அவள் திரும்பி ருக்மிணியைப் பார்த்தாள். ருக்மிணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகுதான் கயல் அப்பாவிடம் பேசினாள். அவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்தில் உட்காராமல் எதிரே நின்றாள்.

"ஸ்டுடியோக்கு வரும்போது அம்மா இருந்தாங்களா?"

"இருந்தா."

"நான் பாடும்போது?"

அவர் படியில் கிடந்த செருப்பை எடுத்து நேராக வைத்தார்.

"வந்ததும் சொல்லியிருந்தா, கிளம்பியிருப்போம். போன் கையில இருந்திருக்கும். அவங்க காதுல நான் ஏதாவது பேசியிருப்பேன். நீங்க உக்காந்து பாட்டுக் கேட்டீங்க."

"நீ சந்தோசமா இருந்த கண்ணு. அதான்…"

"ஆமா. சந்தோசமா இருந்தேன்" என்றாள். "செத்துப்போனவங்க காதுல என் பாட்டைப் போட்டு, அவங்க கேட்டாங்கன்னு எனக்குச் சொல்லி, நீங்களும் பக்கத்துல உக்காந்து வண்டி ஓட்டுனீங்க."

க்ளே பலதடவை அவளைக் கூப்பிட்டார். ஆல்பத்திலேயே அதுதான் நல்ல பாட்டு, அதை விட்டுவிடாதே என்றார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. தன் போனில் இருந்ததை அழித்தாள். அவர்களிடம் இருந்ததையும் அழிக்கச் சொன்னாள். ருக்மிணி தன்னிடம் வந்ததை அன்றைக்கே அழித்துவிட்டிருந்தாள். அதைப் போனில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை என்றாள்.

இலையுதிர் காலத்தில் ஆல்பம் வந்தது. கடையில் சட்னி அரைக்கிற பையன்கள் போனில் போட்டுவிட்டு, அண்ணா, உங்க பொண்ணு கலக்கறா என்றார்கள். நஞ்சுண்டன் தோசைக் கல் பக்கத்தில் நின்று கடைசிப் பாட்டு வரை கேட்டார். அந்தப் பாட்டு அதில் இல்லை என்று தெரியும். இருந்தாலும் நின்றார்.

வீட்டில் ஒருநாள் தைரியம் பண்ணிக் கேட்டார். "அந்தப் பாட்டு எங்கயுமே இல்லையா கண்ணு?"

"யாருக்குப் போட்டீங்களோ, அவங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள் கயல். கோபமாகச் சொல்லவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போனாள். அடுத்த மாசம் ஆஸ்டினுக்கே குடி போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். கடை, உடம்பு, வெயில் என்று பேசிவிட்டு வைத்துவிடுவாள்.

காலையில் மாவு அரைக்கும்போது நஞ்சுண்டன் அந்த மெட்டை முனகிக்கொள்வார். வார்த்தை தெரியாது, மெட்டு மட்டும்தான். கொஞ்ச நாளாக நடுவில் ஒரு இடம் வர மாட்டேன் என்கிறது. ஏறுகிறதா, இறங்குகிறதா என்று தட்டுத்தடுமாறி நின்றுவிடுகிறார். ருக்மிணியிடம் கேட்டுப் பார்த்தார். எனக்கு எங்கே ஞாபகம் இருக்கு அண்ணா, நான் அழுதுண்டிருந்தேனே என்றாள்.

இனிக் கேட்பதென்றால் கயலிடம்தான் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிட்டபோது வாய் வரை வந்தது.

"என்னப்பா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு. சாப்பிட்டாச்சு" என்றார்.