கரண்ட் வந்த நிமிடம்

தேவதானத்துக்குக் கரண்ட் தேவையில்லை என்று எங்கள் ஆராய்ச்சி கண்டுபிடித்திருந்தது. அதை ஸ்ரீவில்லிபுத்தூர் கூட்டத்தில் நான்தான் வாசிக்க வேண்டும். நான் தேவதானத்துக்காரி.

பல்கலைக்கழகமும் ஒரு சோலார் கம்பெனியும் சேர்ந்து நடத்தும் திட்டம். மலைக்காற்றில் லைன் போனாலும் வயல் மோட்டார் நிற்காமலிருக்க ஒரு பெரிய பேட்டரி நிலையம் வைப்பார்கள். ஒன்றே ஒன்று. அதிகம் கரண்ட் இழுக்கும் ஊருக்கு அது. கரண்ட் செலவைக் காட்டும் வரைபடத்தில் ராஜபாளையம் மில் பக்கத்துக் கோடு உயர்ந்து நின்றது. எங்கள் ஊர்க்கோடு தரையில் கிடந்தது.

கிடக்காமல்? காற்றடித்தால் எங்களுக்குத்தான் முதலில் கட். இல்லாத கரண்டை எப்படி இழுப்பது?

ஆனால் கரண்ட் திரும்பும் நிமிடத்தில் அதே கோடு பனை உயரம் எழும்பியிருந்தது. அதைப் பழுதான அளவு என்று நீக்கியிருந்தார்கள். பேராசிரியர் பொன்னுராஜிடம் கேட்டேன்.

"மீட்டர் கோளாறு, முனீஸ்வரி. கம்பெனி குடுத்ததை அப்படியே காட்டு. உன் வேலை நீட்டிப்புக்கு நான்தான் எழுதணும், ஞாபகம் இருக்கா?"

கோளாறே இல்லை. எப்போது வருமென்று தெரியாத கரண்டுக்காக தோட்டத்தில் எவர் காத்துக்கிடப்பார்? ஊரே மோட்டாரை ஆட்டோ ஸ்டார்ட்டரில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடும். கரண்ட் வந்ததும் அத்தனை மோட்டாரும் ஒரே நேரத்தில் எழும்.

கூட்டத்தில் நீக்கியதைத் திரும்பச் சேர்த்தே காட்டினேன். கம்பெனி அதிகாரி பியூலா சிரித்தார். "அது வெறும் இரைச்சல்மா."

"இரைச்சல் இல்ல மேடம். எங்கம்மா மோட்டார்."

அன்று காலையிலிருந்தே ஊரில் கரண்ட் இல்லை. அந்த லைனின் மீட்டரை நேரலையாகத் திரையில் போட்டேன். தரையில் கோடு. அம்மாவை ஸ்பீக்கரில் கூப்பிட்டேன்.

"ஏட்டி, இப்பதான் லைன்மேன் கம்பத்துல ஏறியிருக்காரு. நெல்லு காஞ்சு கெடக்கு, உனக்கு என்ன போனு?"

"மோட்டார் எதுல கெடக்கும்மா?"

"ஆட்டோவுலதான். ஊரே ஆட்டோவுலதான் போட்டிருக்கு. இம்புட்டுப் படிச்சவளுக்கு இது தெரியாதாக்கும்?"

சபை சிரித்தது. பொன்னுராஜ் எழுந்தார். "போதும். உட்காரு."

"மாட்டேன் சார். அம்மா, செத்த நேரம் லைன்ல இரு."

காத்திருந்தோம். பொன்னுராஜ் புரொஜெக்டரை அணைக்கக் கை நீட்டினார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"ஏட்டி, வந்துட்டு!" ஸ்பீக்கரில் அம்மா கத்தினாள்.

கோடு திரையின் உச்சிக்குப் பாய்ந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, பொத்தென்று தரையில் விழுந்தது.

"போச்சு, பீஸ் போயிட்டு," என்றாள் அம்மா. "எல்லா மோட்டாரும் ஒண்ணா இழுத்தா அது என்ன செய்யும், பாவம்."

பியூலா தன் முன்னிருந்த அறிக்கையை மூடினார். "இதை நீக்கச் சொன்னது எங்க ஆளுங்கதான். தேவை குறைவுங்கற வரியை எடுத்துடுங்க. மறுபடி கணக்குப் போட்டுட்டு இடத்தை முடிவு பண்ணலாம்."

வராண்டாவில் பொன்னுராஜ் என்னை மறித்தார். "உன் நீட்டிப்பு கஷ்டம்."

"எழுதாதீங்க சார். மறு கணக்கு முடியுத வரைக்கும் நான் வருவேன். சம்பளம் இல்லாம வாரவளை எப்படி நிறுத்துவீங்கன்னு பாக்கேன்."

போனில் அம்மா இன்னும் லைன்மேனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.