ட்ராக் பாடியவன்

பகல் பன்னிரண்டு மணிக்குப் பாட்டு வெளியாகும் என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்தது நாங்கள்தான். ஆனால் அந்த நேரத்தில் பேண்டின் நான்கு பேரும் நான்கு இடங்களில் வேலையில் மாட்டியிருந்தோம். நான் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. வலது கண்ணுக்கான லென்ஸை இடது கண் வடிவத்துக்கு வெட்டி ஒன்றைப் பாழாக்கியிருந்தேன். முதலாளி எட்டிப் பார்த்து, "முதல்ல உனக்கு ஒரு கண்ணாடி போடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சிரிக்க வேண்டும் என்று தோன்றியது, வரவில்லை.

எங்கள் முதல் சிங்கிள் அது. பாடகி என் அக்கா. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நாள் முழுக்க "கிளட்ச், கிளட்ச்" என்று கத்தியும், மாலையில் எங்களோடு கத்தியும் போன வருடம் அவள் தொண்டையில் முடிச்சு விழுந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு மாதம் பேசவே கூடாது, அதற்கப்புறமும் சொல்லும்வரை பாடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேசாமல் இருந்த அந்த இரண்டு மாதத்தில் துண்டுக் காகிதங்களில் அவள் எழுதியதுதான் இந்தப் பாட்டு. அவள் பாடும் நாள் வரை ஒத்திகை நிற்கக் கூடாதே என்று ஒன்பது மாதம் நான் ட்ராக் பாடினேன். கிட்டார்காரனும் டிரம்ஸ்காரனும் பிடித்து வாசிக்க ஒரு குரல் வேண்டும், அவ்வளவுதான். கட்டுகிற வீட்டுக்குச் சாரம் மாதிரி. வீடு முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் அக்கா பாடினாள். இரண்டு நாள், முப்பத்தொரு தடவை. கடைசித் தடவை பாடி முடித்ததும் தரையில் உட்கார்ந்து அழுதாள். எங்கள் வீட்டில் யாரும் சுலபத்தில் அழுகிறவர்கள் இல்லை.

பன்னிரண்டே காலுக்கு எங்கள் டிரம்ஸ்காரன் அழைத்தான். அவனை 'இடி' என்றுதான் கூப்பிடுவோம். பேச்சும் அப்படித்தான். அன்றைக்குக் குரல் தாழ்ந்திருந்தது.

"டேய், பாட்டக் கேட்டியா?"

"இங்க மெஷின் ஓடிட்டிருக்கு. ஏன், நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. பாடுறது நீ."

கண் பரிசோதிக்கும் அறை காலியாக இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, எழுத்துப் பலகைக்கு எதிரே இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். நான்தான். மூச்சு போதாமல் இரண்டாவது வரியை முன்னாலேயே விட்டுவிடும் நான். குரலையும் வாத்தியங்களையும் கலந்து பாட்டாக்கும் மிக்ஸிங் என் வேலை. பேஸ் கிட்டாரைச் சரிபார்க்க அக்கா குரலை நிறுத்திவிட்டு, பழகிய வசதிக்கு என் ட்ராக்கை ஓடவிடுவேன். திருப்பி மாற்ற மறந்து அப்படியே அனுப்பியிருக்கிறேன்.

"அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ கேக்க மாட்டியாடா?" என்றான் இடி.

"நேரமில்லடா."

அது பொய். கேட்டேன். ஹெட்ஃபோன் மாட்டி, முதலிலிருந்து கடைசிவரை, இரண்டு தடவை. மறந்தது கைத்தவறு, யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம். கேட்ட பிறகும் அனுப்பினேனே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஒன்பது மாதம் அந்தப் பாட்டை என் குரலில் கேட்டே பழகிய காது, அது வேறொருத்தியின் பாட்டு என்பதையே மறந்திருந்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை.

மாற்றிப் போட இரண்டு நாள் ஆகும் என்றார்கள், பாட்டை வெளியிட்ட கம்பெனியில். அதற்குள் கேட்டவர்கள் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். 'இந்த ஆள் குரல்ல ஏதோ இருக்கு' என்று யாரோ ஒருவர். வெட்கக்கேடு என்னவென்றால், அதை நான் மூன்று தடவை படித்தேன்.

ஒரு மணிக்குக் கடை வாசலில் டிரைவிங் ஸ்கூல் கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், அக்காவின் மாணவர். பக்கத்து இருக்கையில் அக்கா. கண்ணாடியை இறக்கி, "ஏறு" என்றாள். முதலாளியிடம் சாப்பிடப் போவதாகச் சொல்லிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டேன்.

வண்டி கிளம்பியது. பெரியவர் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"பன்னெண்டு மணிக்கு இவருக்குப் போட்டுக் காட்டினேன். நான் பாடினது, கேளுங்கன்னு" என்றாள் அக்கா. சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கூட, மேடம் குரல் இவ்வளவு கனமாவா இருக்கும்னு நெனச்சேன்" என்றார் பெரியவர், பாவம், உதவி செய்கிற எண்ணத்தில்.

"எடுத்துடறேன்க்கா. ரெண்டே நாள். உன்னோடது வந்துடும்."

"நான் அதக் கேக்கல." அவள் பக்கமிருந்த சின்னக் கண்ணாடியில் அவள் கண்கள் என்னைப் பிடித்தன. "எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்க. எடுக்கறதா வேணாமாங்கறத அப்புறம் பாக்கலாம். அனுப்பறதுக்கு முன்னாடி கேட்டியா?"

நேரமில்லை என்ற பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஒரு தடவை சொன்னதுதானே, மறுபடி சொல்வது சுலபம். சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள், திட்டியிருப்பாள், மாலைக்குள் ஆறியிருப்பாள். அவள் கழுத்தில் அறுவை சிகிச்சையின் தழும்பு எதுவும் இல்லை. எல்லாம் உள்ளே. எனக்கு ஏனோ அந்த வெறும் கழுத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை.

"கேட்டேன்க்கா. ரெண்டு தடவ."

"ம்."

"எனக்கு... சரியா இருந்துச்சு."

பெரியவர் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு, குலுக்கல் இல்லாமல், முதல் தடவையாகச் சரியாக மாற்றினார். பாராட்டை எதிர்பார்த்து லேசாகத் திரும்பினார். அப்போது வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நடுச்சாலையில் நின்றது.

"நான் ஒண்ணும் பண்ணலீங்க மேடம்" என்று பதறி, குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

அவர் ஒன்றும் பண்ணவில்லைதான். அக்காவின் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அவள் வலது கால் அதன் மேல் இருந்தது. பின்னால் ஒரு லாரி, அதன் பின்னால் ஒரு பஸ், எல்லாம் ஹாரன் அடிக்கத் தொடங்கின. அந்தச் சத்தத்துக்குள் என் குரல் கடைசிச் சரணத்தைப் பாடிக்கொண்டிருந்தது. "மேடம், எடுக்கட்டுங்களா?" என்றார் பெரியவர். அக்கா தொண்டையில் ஒரு கையை வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.