விமானம் கடக்கிற வரைக்கும்

அப்பாவின் இடது கன்னத்தை மழித்து முடித்து வலது பக்கம் கத்தியை வைத்தபோது விமானம் வந்தது. லொரீன் கையை நிறுத்திக்கொண்டாள். செத்தவருக்குக் கீறல் விழுந்தால் என்ன என்று கை யோசிக்கவில்லை. பழகின கை.

கூரையை உரசுவது போலப் போயிற்று. சன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. பக்கத்து மைதானத்தில் விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளம் மாதிரியே கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். கடலுக்குப் போகுமுன் பைலட்டுகள் அதில் இறங்கிப் பழகவேண்டும். இறங்கினால் நிற்பதில்லை. சக்கரம் தரையை ஒரு இடி இடித்துவிட்டு அப்படியே எழும்பிச் சுற்றிக்கொண்டு வரும். அதன் வாலைப் பிடித்த மாதிரி அடுத்தது. இந்தச் சாலைக்காரர்கள் பேச்சைப் பாதியில் விட்டு, விமானம் போனதும் விட்ட சொல்லிலிருந்தே எடுப்பார்கள். கல்யாணப் பேச்சும் அப்படித்தான், சண்டையும் அப்படித்தான்.

"கடல்லதான்," என்றான் டெல்மர். "அவரக் கடல்லதான் அடக்கம் பண்ணணும்."

அவளுக்குப் பத்து வயது மூத்த அண்ணன். நார்ஃபோக் துறைமுகத்திலிருந்து கடற்படை உடுப்போடு நேரே வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றான். அறைக்குள் வரவில்லை. இறங்குகிற விமானத்தைக் கம்பி போட்டுப் பிடிக்கிற வேலை அவனுக்கு. அப்பா வெர்லனும் அந்த மாதிரிக் கப்பலில்தான் முப்பது வருஷம் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, விமானங்களைக் கையாட்டி நடத்தியவர். வீட்டிலும் அதே கைதான். உட்காரு என்றாலும் கை, எழுந்து போ என்றாலும் கை.

"அம்மா பக்கத்துல இடம் வாங்கிப் போட்டிருக்கு," என்றாள் லொரீன். "கல்லுல பேரும் வெட்டியாச்சு. தேதி மட்டுந்தான் பாக்கி."

"பேரைச் செதுக்கி எடுத்துடலாம்."

"உன் நாக்கைச் செதுக்கணும்."

உடலை எடுத்துப்போக வந்திருந்த ஓவர்பி தொப்பியைக் கையில் உருட்டினார். "நான் வேணும்னா வண்டில உக்காந்திருக்கேன்மா..."

"இருங்க மிஸ்டர் ஓவர்பி. நீங்களும் கேளுங்க. என்னைக்காவது சாட்சிக்கு ஆகும்."

"கேளுங்க, கேளுங்க," என்றான் டெல்மர். "மூணு வருசம் பக்கத்துல இருந்தா அப்பன் பட்டா போட்ட சொத்தாயிடுவானான்னு கேளுங்க."

"பக்கத்துலயா? நீ வந்தது மூணு தடவ. அதுல ஒரு தடவ ஃபுட்பால் மேட்ச் பாத்துட்டு, நான் சுட்ட பன்றிக்கறிய மொத்தமா முழுங்கிட்டுப் போன. ஆஸ்பத்திரில அவருக்குத் தொண்டையை அறுத்தாங்களே, அப்ப எங்க இருந்த?"

"கடல்ல."

"அம்மா செத்தப்ப அவரு எங்க இருந்தாரு?"

"கடல்ல."

"ஆமா. ஆம்பளைங்க எல்லாரும் கடல்ல. நான் ஒருத்தி இங்க பீத்துணி அலசிக்கிட்டு. உயிரோட இருந்தவரைக்கும் அம்மாவ விட்டுட்டுக் கப்பலுக்கு ஓடினவரு. செத்தும் ஓடணுமா? முடியாது. இந்தத் தடவ அவரு வீட்டுலதான் இருக்கணும். அம்மாகிட்ட நான் சொல்லியிருக்கேன்."

"அம்மா கேட்டாளா?"

அதற்கு அவள் வாயைத் திறக்குமுன் அடுத்த விமானம் வந்துவிட்டது. மூன்று பேரும் நின்றார்கள். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் முறைத்தபடி, சத்தம் வயலைத் தாண்டிப் போகிற வரைக்கும்.

"பெட்டியில ஓட்ட போடுவாங்களாமே, முழுகறதுக்கு," என்றாள். "குடும்பத்து ஆளுங்க யாரும் போகக்கூட முடியாதாமே. பழைய இரும்பைத் தள்ளற மாதிரி தள்ளிட்டு வருவீங்க. இதுதான் நீ பண்ற மரியாதையா?"

"ஆமா. இதுதான் அவருக்கு மரியாதை."

சொல்லிவிட்டு முதல்முறையாக அறைக்குள் வந்தான். கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்று அப்பாவைப் பார்த்தான். ஒரு கன்னம் வழுவழு, ஒரு கன்னம் நுரை. அழுவான் என்று லொரீன் நினைத்தாள். அழுதால் இன்னும் நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று காத்திருந்தாள்.

இந்தச் சாலையில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. வாய்விட்டுச் சொல்ல முடியாததை விமானத்துக்கு அடியில் சொல்லிவிடுவார்கள். பெண்டாட்டியைத் திட்டுகிறவன், சாமியைத் திட்டுகிறவன், எல்லாரும். அடுத்த இரைச்சல் கூரைமேல் ஏறினபோது டெல்மர் குனிந்தான். அப்பாவின் காதுக்குப் பக்கத்தில் அவன் உதடு அசைந்தது.

தொண்டையை அறுத்தபின் அப்பாவுக்குக் குரல் கிடையாது. இரண்டு வருஷமாகத் தண்ணீர், தலையணை, வலி, கெட்ட வார்த்தை எல்லாமே உதடுதான். லொரீன் அதைப் பார்த்துப் பார்த்தே படிக்கக் கற்றிருந்தாள். டெல்மருக்கு அது தெரியாது.

அம்மா கைய ரெண்டு தடவ உடைச்ச நீ, என்றது அவன் உதடு. நான் பாத்துக்கிட்டு நின்னேன். அவ பக்கத்துல உன்னப் படுக்க விடமாட்டேன். இனிமேலாவது அவ தனியாத் தூங்கட்டும்.

விமானம் போய்விட்டது. டெல்மர் நிமிர்ந்து உடுப்பை இழுத்துவிட்டுக்கொண்டான்.

அம்மாவின் இடது மணிக்கட்டு திரும்பாது. ஜாடி மூடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வலது கையால் திருகுவாள். ஏம்மா என்று கேட்டால் பனியில் வழுக்கினது என்பாள். இந்த ஊரில் வருஷத்துக்கு இரண்டு நாள் தரை உறைந்தால் அதிகம். லொரீன் இதுநாள்வரை அதைச் சேர்த்துப் பார்த்ததில்லை. கப்பல் வருகிற வாரம் அம்மா வீட்டைத் துடைத்துத் துடைத்துத் தேய்த்ததை ஆசை என்றுதான் நினைத்திருந்தாள்.

கத்தியைத் தட்டில் வைத்தாள். அப்பாவின் வலது கன்னத்து நுரையைத் துண்டால் ஒரே இழுப்பில் துடைத்தாள். மயிர் அப்படியே இருந்தது. ஓவர்பி பார்த்தார்.

"சரிம்மா, இப்ப எங்கன்னு..." என்று மட்டும் இழுத்தார்.

"எவ்வளவு தூரம் கொண்டுபோவீங்க?" லொரீன் அண்ணனைப் பார்க்காமல் கேட்டாள்.

"என்னது?"

"கப்பல்ல. எவ்வளவு தூரம் போய்ப் போடுவீங்க?"

டெல்மருக்கு விளங்கவில்லை. சண்டையின் அடுத்த அடி எந்தப் பக்கத்திலிருந்து வருமோ என்று பார்த்தான். "கரையே தெரியாது. ரொம்ப ஆழம்."

"பெட்டி கரை ஒதுங்காதே?"

"ஒதுங்காது."

"அப்ப கொண்டு போ."

விமானம் எதுவும் வரவில்லை. ஓவர்பி தொப்பியை நாற்காலியில் வைத்துவிட்டு வண்டியிலிருந்து விரிப்பு எடுத்துவரப் போனார்.

லொரீன் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்கிற சோப்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்தாள். அப்பாவின் இடது கையைத் தூக்கினாள். கல்யாண மோதிரம் சதைக்குள் பதிந்து கிடந்தது.

"அது எதுக்கு?" என்றான் டெல்மர். "போட்டிருக்கிறதோட போகட்டுமே."

"கையப் பிடி."

பிடித்தான். அவள் சோப்பைத் தடவித் திருகினாள். மூட்டில் நின்றது. இன்னும் தடவினாள். டெல்மர் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் விரலை மட்டும் பார்த்தாள். பிறகு அவன் மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

மோதிரம் சட்டென்று கழன்று கிண்ணத்தில் விழுந்தது. விரலில் வெயில் படாத வெள்ளை வளையம் ஒன்று இருந்தது. டெல்மர் அதைத் தன் கைக்குட்டையால் துடைத்தான். போகவில்லை. மறுபடியும் துடைத்தான்.