தெற்கு வாசல்

"ரதி, தெற்கு வாசலைப் பலகை அடிச்சு மூடியாச்சு. இனி கவலையில்ல," என்றார் சுப்பிரமணியன்.

திறப்புவிழா நாள், காலை ஒன்பதரை மணி. ஒனிஹங்கா என்ற ஊரின் பழைய கம்பளக் கிடங்கு ஒன்று அன்று சார்ட்டர் பள்ளியாகத் திறக்கப்பட இருந்தது. அதை நடத்தும் அறக்கட்டளைக்குச் சுப்பிரமணியன் தலைவர், கட்டடப் பொறுப்பு ரதிதேவிக்கு. சார்ட்டர் பள்ளி என்றால் அரசு பணம் தரும், தனியார் நடத்த வேண்டும், இடத்தை நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும். ஐந்து மாதம் கிடங்குச் சொந்தக்காரனிடமும் நகர கவுன்சிலிடமும் நாயாய் அலைந்து, தெற்கு வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் போட்டிருந்தாள். கிழக்கு வாசலிலோ மூன்று படி.

"சேர், வித்தியா எப்பிடி உள்ள வாறது? சாய்தளத்தை நம்பித்தான் அந்தப் பிள்ளை இஞ்ச சேர்ந்தவள்."

"தெற்கு வாசல் பள்ளிக்கூடத்துக்கு ஆகாதும்மா. வாஸ்து பார்த்தாச்சு."

பூமத்திய ரேகைக்குத் தெற்கே, சூரியன் வடக்குப் பக்கமாகச் சுற்றும் ஊரில் இருந்துகொண்டு இந்த மனிதர் எந்த ஊர் வாஸ்துவைப் பார்க்கிறார்! வாஸ்துப் பேச்சு எழுந்தபோதே இதைச் சொல்லி மூன்று மின்னஞ்சல் போட்டிருந்தாள். மூன்றுக்கும் கைகூப்பும் படம்தான் பதிலாக வந்திருந்தது.

பத்து மணிக்கு நல்ல நேரம். கிழக்கு வாசலில் குத்துவிளக்கு, கோலம், விருந்தினர். படிக்குக் கீழே சக்கர நாற்காலியில் பதினொரு வயது வித்தியா, மடியில் புதுப் புத்தகப்பை.

"ரெண்டு பேர் தூக்கிடலாம், என்ன பெரிய விஷயம்?" என்றார் சுப்பிரமணியன்.

"நோ தேங்க்ஸ்," என்றாள் வித்தியா. "மற்ற ஆக்களை ஒருத்தரும் தூக்கேல்லைத்தானே. நான் வெளியிலயே இருக்கிறன்."

ரதிதேவிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. கட்டட வேலைக்காகக் காரில் வைத்திருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு தெற்குப் பக்கம் நடந்தாள். பட்டுச்சேலையை இடுப்பில் செருகி, பலகையை நெம்பினாள். ஓசை கேட்டுக் கூட்டம் வந்துவிட்டது. சுப்பிரமணியனும் பின்னாலேயே ஓடி வந்தார்.

"நல்ல நேரம் போயிட்டிருக்கு, ரதி."

"போகட்டும் சேர். அரசாங்கம் உங்கட வாசலுக்குக் காசு தரேல்லை, இந்தப் பிள்ளையளுக்குத்தான் தந்தது."

கடைசிப் பலகையும் விழுந்தது. வித்தியா சக்கரத்தைத் தானே உருட்டிச் சாய்தளத்தில் ஏறி உள்ளே போனாள். இருபது பிள்ளைகள் அவள் பின்னாலேயே நுழைந்தார்கள். கிழக்கு வாசலில் விளக்கு மட்டும் தனியாக நின்றது.

சுப்பிரமணியன் போய்க் குத்துவிளக்கைத் தானே தூக்கி வந்து தெற்கு வாசலில் வைத்தார்.

"தப்பு என்னோடதும்மா," என்றார். "ஒரு பிள்ளைய வெளிய நிறுத்துற வாசல் எந்தத் திசையில இருந்தாலும் ஆகாத வாசல்தான்."