இந்த வாரச் சத்தம்

அந்தத் துணிக்கடையில் கண்ணைப் பறிக்கும் உடுப்புக்குச் 'சத்தம்' என்று பெயர். வாரத்துக்கு ஒன்று வரும். ஒரு வாரம் தோள்கள் பலூன் போல உப்பிய மஞ்சள் கோட்டு. இன்னொரு வாரம் முழங்கால்வரை தொங்கும் பித்தளைப் பொத்தான் சட்டை. பொம்மைக்கு மாட்டிவைத்தால் வருகிறவர்கள் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், இதைப் போட்டுக்கொண்டு எங்கே போவது என்று நகர்ந்துவிடுவார்கள்.

ஆகவே முதலாளியம்மா ஒரு வழக்கம் வைத்திருந்தாள். வேலை செய்யும் பெண்களில் ஒருத்தி தன் அன்றாடத் துணிக்கு மேலேயே சத்தத்தைப் போட்டுக்கொண்டு, எப்போதும்போல் துணி மடிக்க வேண்டும், ஏணியில் ஏற வேண்டும், பெட்டி இறக்க வேண்டும். சத்தம் போடுவது அது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், கீழே இருக்கும் பேன்ட், செருப்பு, தலைமுடி எல்லாம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். யாராவது விலை கேட்டால் நின்ற இடத்திலேயே கழற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

முன்பு கடைப் பெண்களில் சீமாட்டி என்று பெயர் வாங்கியிருந்தவளுக்குத்தான் மாட்டிவிட்டார்கள். பேருக்கேற்ற நிறமும் நடையும் அவளுக்கு. அவள் போட்ட எதுவும் விற்கவில்லை. ஒருநாள் சும்மா பார்ப்போமே என்று ஒட்டடையிடம் கொடுத்தார்கள். நெட்டையாக, ஒல்லியாக, கழுத்தைச் சற்று முன்னே நீட்டிக்கொண்டு நடப்பதால் கடையில் அவளுக்கு அந்தப் பெயர். மஞ்சள் கோட்டு மதியச் சாப்பாட்டுக்கு முன்பே விற்றுப் போனது. அடுத்த வாரமும் அப்படியே. அதன் பிறகு சத்தம் என்றால் ஒட்டடைதான்.

தன்னிடம் ஏதோ இருக்கிறது என்று ஒட்டடை நம்ப ஆரம்பித்தாள். யாராக இருந்தாலும் நம்பத்தான் செய்வார்கள். அவளும் தங்கையும் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். தங்கை வேலை தேடிக்கொண்டிருந்தாள். அக்கா வந்ததும் கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில் நடந்து காட்டச் சொல்லிக் கைதட்டுவாள். தன் அக்காவைப் போல் ஒருத்தி அந்தத் தெருவிலேயே இல்லை என்பது அவள் கட்சி.

கடையில் மேற்பார்வைக்காரி வேலையை விட்டுப் போயிருந்தாள். அந்த இடத்துக்கு ஒரு நாற்காலி உண்டு, ஏணி கிடையாது. ஒட்டடை அந்த நாற்காலிக்காக உயிரை விட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த சத்தம் விற்றுவிட்டால் கேட்டுவிடலாம் என்று இருந்தாள்.

அடுத்த சத்தம் ரத்தச் சிவப்பில் வெல்வெட் ஜாக்கெட். இதற்குத் தகுந்தாற்போல் நாமும் இருக்க வேண்டாமா என்று அவளுக்குத் தோன்றியது. கூந்தலைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டாள். புருவம் திருத்தினாள். இடுப்பில் பாந்தமாக நிற்கும் கறுப்புப் பேன்ட், குதிகால் உயர்ந்த செருப்பு. கல்லாக்காரர்கூடக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். வந்த பெண்கள் எல்லாரும் உங்களுக்கு ரொம்ப எடுப்பாக இருக்கிறது என்று மனதாரச் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஜாக்கெட்டின் விலையைக் கேட்காமலே போனார்கள். வாரம் முடிந்தது. ஜாக்கெட் அவள் மேலேயே இருந்தது.

முதலாளியம்மா சரக்கறைக்குக் கூப்பிட்டாள். கோபப்படவில்லை. தையல் எங்கே பிரிந்தது என்று காட்டுகிறவள் போல நிதானமாகச் சொன்னாள்.

"உன்னப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட்டா துணி விக்காதுடி. 'இவளுக்கே இப்படி இருக்கே, எனக்கு எப்படி இருக்கும்'னு அவ நினைக்கணும். அந்த 'இவளுக்கே'தான் உன் சம்பளம்."

கதவு திறந்தே இருந்தது. வெளியே சீமாட்டி சிரிப்பை அடக்க இருமினாள்.

"முடி வளர நாளாகும்," என்றாள் முதலாளியம்மா. "பழைய உன்ன மாதிரி ஒருத்தியத் தேடிக் கொண்டா. கொண்டுவந்தா நாற்காலி உனக்கு. இல்லன்னா வேற இடம் பாத்துக்கோ."

அன்று வீட்டுக்கு வந்தவள் தங்கையைப் பார்த்தாள். பெற்றவள் பார்க்கிற மாதிரி அல்ல, உடன்பிறந்தவள் பார்க்கிற மாதிரியும் அல்ல. முதலாளியம்மா பார்க்கிற மாதிரி பார்த்தாள். அதே கழுத்து. அதே தூக்கலான முன்பல். தோள் இன்னும் கொஞ்சம் இறக்கம். கடையில் இடம் இருக்கிறது, வருகிறாயா என்றாள். தங்கை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

கிளம்பும் காலையில் தங்கை தன்னிடமிருந்த ஒரே நல்ல சட்டையை எடுத்தாள். அக்கா அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, தோய்த்துத் தோய்த்துச் சாம்பலான பழையதைக் கொடுத்தாள். தலையை ஈரத்தோடு படிய வாரச் சொன்னாள்.

"நனைஞ்ச கோழி மாதிரி இருக்கேன்க்கா."

"அப்படித்தான் இருக்கணும். கடை வழக்கம்."

தங்கை அதற்கும் சிரித்தாள்.

கடையில் சிவப்பு ஜாக்கெட்டை மாட்டிவிட்டு முதலாளியம்மா தங்கையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். திருப்தி முகத்தில் தெரிந்தது.

"எங்கடி பிடிச்ச? அச்சு அசல் நீதான். கூடப்பொறந்தவளா?"

தங்கை பெருமையாக வாயைத் திறந்தாள். சீமாட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லாக்காரரும் பார்த்தார். ஒட்டடை முந்திக்கொண்டாள்.

"ஐயோ, இல்ல மேடம். எங்க தெருப் பொண்ணு. எனக்கும் இவளுக்கும் எங்க சாயல் இருக்கு?"

தங்கையின் வாய் மூடிக்கொண்டது. சொந்தக்காரர்களை வேலைக்கு வைக்க மாட்டார்கள் போலிருக்கிறது என்று அவளே ஒரு காரணம் கண்டுபிடித்து, அக்காவுக்கு மட்டும் தெரியும்படி கண்ணைச் சிமிட்டினாள். அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

முதலில் வந்த வாடிக்கைக்காரியே தங்கையைப் பார்த்ததும் நின்றாள். காலரைத் தொட்டாள். தங்கையின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள், பிறகு கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். விலை கேட்டாள். தங்கை கழற்றிக் கொடுத்துவிட்டு, சாம்பல் சட்டையோடு ஓடிவந்தாள். அக்கா அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, வித்துட்டேன். முத ஆளுக்கே."

சீமாட்டி அலமாரிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினாள்.

"இங்க மேடம்னு கூப்பிடு," என்றாள் ஒட்டடை.

தங்கை குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வீட்லயுமா?"

சரக்கறையில் இறகு வைத்த பச்சைக் கோட்டு ஒன்று வந்திருப்பதாகவும், அதைப் போட்டுக்கொண்டு வந்து ஏணியில் ஏறும்படியும் நாற்காலியிலிருந்து அவளுக்கு உத்தரவு வந்தது.