மடக்காத கத்தி

"மடக்குக் கத்திய ஈரக் கையால தொறக்க ஒரு நிமிசம் ஆவும். அந்த ஒரு நிமிசத்த உமக்கு யாரு குடுப்பா? கடலா குடுக்கும்?"

"ஏளா, மெதுவாப் பேசு. கடையில ஆளு நிக்கி."

நின்ற ஆள் நான்தான். 1976இல் தூத்துக்குடி மட்டக்கடைப் பக்கம் ஓர் இரும்புக்கடையில் வேலை பார்த்தேன். வந்திருந்தவர்கள் கீழவைப்பார் சிலுவை அண்ணனும் அவர் மனைவி கிளாடிஸ் அக்காவும். அண்ணன் மறுநாள் தோணியில் மாலத்தீவுக்குக் கிளம்புகிறார். போக வர மூன்று மாதம். வழியில் காற்று மாறினால் ஏதாவது தீவில் ஒதுங்கி, விறகு வெட்டி, மீன் அறுத்துச் சமைத்துக் கிடக்க வேண்டும். அதற்கு ஒரு கத்தி.

அக்கா எடுத்து வைத்திருந்தது லாரி வில்பட்டையில் அடித்த, மடக்காத கத்தி. அலகு பிடிக்குள் கடைசிவரை ஓடி மூன்று ஆணியில் நிற்கும். துருப்பிடிக்காத சீமைக் கத்தியும் இருந்தது. அதை நகத்தால் தட்டிப் பார்த்து ஒதுக்கிவிட்டார்.

"இந்தச் சீமக் கத்தி மழுங்குனா தீவுல எங்க போயி சாண பிடிக்க? பட்டக் கத்தின்னா ஒரு கல்லுல தேச்சாப் போதும். துருவுக்குத் தேங்காண்ண தடவிக்கிடலாம்."

அக்காவின் கூடப்பிறந்தவர் ஒருவர் கால் கயிற்றில் சிக்கி, மடக்குக் கத்தியைப் பல்லால் திறக்கப் பார்த்தபடியே கடலோடு போய்விட்டாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கியது.

"இதக் கட்டிக்கிட்டுப் போனா தோணியில எல்லாவனும் கறிக்கடைக்காரன்னு கேலி பண்ணுவானுவ" என்றார் சிலுவை அண்ணன்.

கத்தியைக் கையில் கொடுத்தால் பகை வரும் என்று எங்கள் பக்கம் கீழேதான் வைப்போம். வேண்டியவர் எடுத்துக்கொள்வார். அக்கா மேசையில் வைத்தார். அண்ணன் எடுக்கவில்லை. ஒரு மடக்குக் கத்தியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்துவிட்டார். அக்கா மேசையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் போனார்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. நான் உயிரோடு இருக்க வேண்டும் என்று என்னோடு யாரும் இப்படிச் சண்டை போட்டதில்லை. அன்று முழுக்க அதுவே மனதில் ஓடியது.

மறுநாள் கடை திறக்கும்போது சிலுவை அண்ணன் தனியாக நின்றார். "அந்தத் தடிக் கத்திய எடுத்து வையி தம்பி." உறையோடு இடுப்பில் கட்டிக்கொண்டார். "அவகிட்டச் சொல்லிராத. சொன்னா அவளுக்குத் தலகால் புரியாது. திரும்பி வந்து நானே அவ முன்னால வைக்கேன்." சிரித்தார். சரி என்றேன்.

பத்து நாள் கழித்து, மாதா கோயிலுக்கு வந்த அக்கா கடைக்கும் வந்தார். கத்தி இருந்த அலமாரித் தட்டைப் பார்த்தார்.

"அத யாரு தம்பி வாங்குனா?"

"விளாத்திகுளத்து ஆளு ஒருத்தரு, அக்கா."

"நல்லா இருக்கட்டும்." வெறும் தட்டைக் கையால் ஒருமுறை தடவிவிட்டுப் போனார்.

கொடுத்த வாக்கு பெரிதாகத் தெரிந்த வயது. அந்த மாதமே முதலாளி என்னை மதுரைக் கடைக்கு அனுப்பிவிட்டார். ஒரு வருடம் கழித்துக் கீழவைப்பாருக்குப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. தோணி திரும்பவே இல்லை என்றார் ஒருவர். கொச்சியில் ஒதுங்கியது, ஆட்கள் பிழைத்தார்கள் என்றார் இன்னொருவர். அக்கா பம்பாய்க்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது கீழவைப்பார் கிளாடிஸ் அக்காவைத் தெரிந்திருந்தால், தயவுசெய்து கீழே இரண்டு வரி எழுதுங்கள். அவரிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அண்ணன் அன்று துறைமுகத்துக்கு நடந்தபோது கத்தி அவர் வலது இடுப்பில் இருந்தது. ஈரக் கை சட்டென்று போய்த் தொடுகிற இடத்தில்.